ஸ்டீல் பிளேடா, வீடியோவா? டியூப் போடப் போகிறவர் பையில் எதை வைப்பது

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். எம்.டி. முடித்து ஆறு மாதம் ஆகிறது, ராயபுரத்தில் வீடு, தண்டையார்பேட்டைக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஐந்தாறு நர்சிங் ஹோம்களுக்குக் கேஸ் கேஸாகப் போய் மயக்க மருந்து கொடுத்துவிட்டு வருகிறான். "மேடம், கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. வீடியோ லாரிங்கோஸ்கோப் வாங்கிடலாமா, இல்ல ஸ்டீலே போதுமா? வாங்கினா எந்த மாதிரி வாங்கணும்?" என்றான். இந்த வருடத்தில் இதே கேள்வியோடு வந்தவர்களில் அவன் நாலாவது ஆள். ஒரு நர்சிங் ஹோம் உரிமையாளரும் கேட்டார், ஆனால் அவர் கேட்ட விதம் வேறு: "அது இல்லாமலேதானே டாக்டரம்மா இத்தனை வருஷம் ஓடிச்சு?"

ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் பேசுவதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நானும் இதே பிழைப்புதான். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு பை, அதற்குள் என் உலகம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது பையைத் திறந்து பாட்டரியைச் சரிபார்க்கிற பழக்கம்கூட உண்டு.

டாக்டர் அல்லாதவர்கள் படித்தால் அவர்களுக்காக இரண்டு வரி. முழு மயக்கத்துக்குத் தசை தளர மருந்து கொடுத்ததும் நோயாளி தானாக மூச்சு விட மாட்டார். நாம்தான் வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் போட்டு மூச்சு கொடுக்க வேண்டும். நாக்கை ஒதுக்கித் தூக்கி, குரல்நாண்கள் கண்ணுக்குத் தெரியும்படி செய்து, அவற்றின் நடுவே டியூபை விட உதவும் கருவி லாரிங்கோஸ்கோப். கையில் பிடிப்பது ஹேண்டில், வாய்க்குள் போகும் தகடு பிளேடு. ஸ்டீல் என்றால் நம் கண்ணால் நேராக வாய்க்குள் பார்ப்பது, வீடியோ என்றால் பிளேடில் உள்ள கேமரா காட்டுவதைத் திரையில் பார்ப்பது. குரல்நாண்களுக்குப் பின்னாலேயே உணவுக்குழாய் இருக்கிறது. டியூப் அதற்குள் போய், போனது தெரியாமலும் இருந்துவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

## முதலில் தராசு

கடைக்காரர் காட்டும் வீடியோவைப் பார்த்து முடிவு செய்தால் எல்லாக் கருவியும் நல்ல கருவிதான். நான் பார்ப்பது இவற்றை.

முதல் முயற்சியிலேயே போகுமா? "கடைசியில் போய்விட்டதல்லவா" என்பது பதில் ஆகாது. ஒவ்வொரு தடவை கிண்டும்போதும் தொண்டை வீங்கும், ரத்தம் கசியும், அடுத்த முயற்சி முந்தையதைவிடக் கஷ்டமாகும். நம் நாட்டின் கடினச் சுவாசவழிச் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிமுறை மூன்று முயற்சிக்கு மேல் வேண்டாம் என்கிறது, அதுவும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் சதவீதம், 95-க்குக் குறையாமல் இருந்தால்தான்.

அடுத்தது நேரம். நன்றாக ஆக்சிஜன் ஏற்றிய ஆரோக்கியமான பெரியவருக்கு மூச்சில்லாமல் கணக்குப்படி எட்டு நிமிடம்வரை தாங்கும். ரொம்பக் குண்டானவருக்கு மூன்று நிமிடம்கூட வராது, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதே அவசரம்தான்.

மூன்றாவது, வாய் எவ்வளவு திறக்கிறது, கழுத்து எவ்வளவு அசைகிறது. நம் பக்கத்தில் மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது) போடுகிறவர்களுக்கு மயக்கம் கொடுத்தவர்களுக்கு இது புரியும். பாக்கு கன்னத்துச் சதையை நாராக இறுக்கிவிடும், முப்பத்தைந்து வயசு ஆளுக்கு வாய் இரண்டு விரல் திறந்தால் பெரிய விஷயம். நாலாவது, வாய்க்குள் ரத்தம், வாந்தி, எச்சில் இருந்தால் கருவி என்ன ஆகும். ஐந்தாவது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சீனியரைக் கூப்பிடலாம், ராத்திரி இரண்டு மணிக்குத் திருவொற்றியூரில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு சிஸ்டரும் தூக்கக் கலக்கத்தில் ஒரு தியேட்டர் அசிஸ்டென்டும்தான். கடைசியில்தான் காசு, அதிலும் வாங்கும் விலையைவிட வைத்திருக்கும் செலவு.

## ஸ்டீல் மேக்கின்டாஷ்

1943-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மேக்கின்டாஷ் கொண்டுவந்த வளைந்த பிளேடு. எண்பது வருடத்துக்கு மேல் ஆகியும் எல்லா தியேட்டரிலும் முதலில் கைக்கு வருவது இதுதான். நுனி, நாக்கின் அடிக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும், அங்கே அழுத்தித் தூக்கினால் மூடி தானாக எழும்பும். கைப்பிடி எந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தத் திசையில் தூக்க வேண்டும். மேல்பல்லை ஆணியாக்கி நெம்பினால் குரல்நாண் தெரிகிறதோ இல்லையோ, பல் கையோடு வந்துவிடும். ஆடுகிற பல்லோடு வரும் பாட்டிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விலை சில ஆயிரம். சார்ஜர் வேண்டாம், திரை வேண்டாம், தண்ணீரில் முக்கிக் கழுவலாம். ரத்தம் வந்தால் சக்‌ஷன் போட்டுவிட்டுப் பார்த்தால் போதும், துடைக்க கேமரா கிடையாது.

ஆனால் இலவசமாக ஓடுகிற கருவி என்று நினைக்காதீர்கள். பல்பு உள்ள பிளேடில் திருகு தளர்ந்து சரியான நேரத்தில் விளக்கு அணையும். பென்டார்ச் செல் போடும் மெல்லிய ஹேண்டிலாக இருந்தால் இன்னொரு ஆபத்து, யாராவது செல்லைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டிருப்பார்கள். ஒரு இடத்தில் விளக்கு மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருந்தது, நிமிர்ந்து பார்த்தால் கடிகாரம் ஜோராக ஓடுகிறது. அன்றிலிருந்து என் ஹேண்டில், என் செல்.

இதன் உண்மையான விலை கற்றுக்கொள்ளும் காலம். சாதாரணக் கழுத்தில் ஐம்பது போட்டால் கை வந்துவிட்டதாகத் தோன்றும். பிறகு ஒரு குட்டைக் கழுத்து, முன்தள்ளிய பல், உள்வாங்கிய தாடை வரும், குரல்வளை மூடியின் விளிம்பு மட்டும் தெரியும். குரல்வளை எவ்வளவு தெரிகிறது என்பதைக் கார்மக்கும் லெஹேனும் 1984-ல் பிரித்த நாலு தரத்தில் மூன்றாவது அது. அங்கே ஸ்டீலை மட்டும் வைத்துக்கொண்டு பலத்தைக் கூட்டுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பலம் கூட்டுவதற்கு முன்னால் தலையணையைச் சரிசெய்யுங்கள்: பக்கவாட்டிலிருந்து பார்த்தால் காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் பள்ளமும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். குண்டானவருக்கு இதற்கு நாலு மடித்த போர்வைகூட ஆகும். அந்தப் போர்வைக்குக் காசு இல்லை, அதனாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

## மில்லரும் மெக்காயும்

சீக்கிரம் முடித்துவிடலாம். மில்லர் நேரான பிளேடு, 1941, குரல்வளை மூடியை நேரடியாக நுனியால் தூக்கும். பச்சைக் குழந்தைக்கு மூடி நீளமாகத் தொளதொளவென்று இருக்கும், அங்கே இது கைகொடுக்கும். குழந்தைக் கேஸ் எடுக்கிறவர் என்றால் பூஜ்யம், ஒன்று என்ற இரண்டு அளவும் வாங்கி வையுங்கள், இல்லையென்றால் வேண்டாம். மெக்காயில் பிளேடின் நுனி மட்டும் ஒரு நெம்புகோலால் மடங்கும், கழுத்தில் காலர் போட்டவருக்கு மூன்றாம் தரத்தை இரண்டாம் தரமாக்கும். வீடியோ கையில் இருந்தால் இதற்குத் தனியாகக் காசு போட மாட்டேன்.

## பூஜி

ஐம்பது பேரிடம் கேட்டால் நாற்பது பேர் இதைக் கருவி என்றே சேர்க்க மாட்டார்கள். அறுபது சென்டிமீட்டர் சொச்சம் நீளக் குச்சி, நுனியில் கொஞ்சம் மேல்நோக்கி மடங்கியிருக்கும், விலை நூற்றுக்கணக்கில். எனக்கு ஒன்றே ஒன்றுதான் அனுமதி என்று யாராவது சொன்னால் ஸ்டீலோடு இதைத்தான் கேட்பேன்.

குரல்வளை மூடியின் விளிம்பு மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூபை அதன் அடியில் குத்துமதிப்பாக விடுவது சூதாட்டம், டியூப் தடிமனாக இருப்பதால் இருக்கிற கொஞ்சம் பார்வையையும் மறைக்கும். பூஜி மெல்லியது. நுனியை மேலே பார்த்தபடி மூடியின் அடியில் நடுக்கோட்டில் விட்டால், மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் முன்பக்க வளையங்களில் டிக் டிக் என்று விரலுக்குத் தெரியும், பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் குச்சி உரசுகிற மாதிரி. இன்னும் மெதுவாக விட்டால் நாற்பது சென்டிமீட்டருக்குள் எங்கேயாவது தட்டி நிற்கும். உணவுக்குழாயில் போயிருந்தால் டிக்கும் இருக்காது, தடையும் இருக்காது, விட விடப் போய்க்கொண்டே இருக்கும். நிற்கும் இடத்தில் அழுத்தாதீர்கள், நுரையீரலைக் கிழித்துவிடும். டியூபை அதன்மேல் ஏற்றும்போது லாரிங்கோஸ்கோப்பை வாயிலிருந்து எடுக்கக் கூடாது, டியூப் முட்டி நின்றால் இடப்பக்கமாகக் கால் வட்டம் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகும்.

இரண்டு ஆராய்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரசியம். அமெரிக்காவில் ஒரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், கஷ்டமான கழுத்துகளில் முதல் முயற்சியில் வெற்றி பூஜியில் 96 சதவீதம், ஸ்டைலெட்டில் (டியூபுக்குள் விட்டு அதன் வளைவைப் பிடித்து வைக்கும் கம்பி) 82 சதவீதம். பல ஆஸ்பத்திரிகளில் செய்து 2021-ல் வெளியானதில் பூஜி 80.4, ஸ்டைலெட் 83.0, அதாவது வித்தியாசமே இல்லை. முதல் ஆஸ்பத்திரியில் அவர்கள் தினமும் பூஜி எடுக்கிறவர்கள். மற்ற இடங்களில் அப்படி இல்லை. வாங்கிப் பையில் போட்டுவிட்டு ஆபத்து வந்தால் எடுக்கலாம் என்று இருப்பவருக்கு அது வெறும் குச்சி. சுலபமான கேஸிலும் வாரம் இரண்டு தடவை எடுத்துப் பழக வேண்டும்.

மறைந்த செலவு ஒன்று உண்டு: சுருட்டிப் பையில் திணித்தால் வளைவு போய்விடும். நான் ஹார்டுவேர் கடையில் முக்கால் இன்ச் பிவிசி பைப் வாங்கி இரண்டு பக்கமும் மூடி போட்டு அதற்குள் வைத்திருக்கிறேன். கல்மண்டபம் சிக்னலில் ஒரு போலீஸ்காரர், "இன்னா மேடம், தூண்டிலா?" என்று கேட்டார். காசிமேடு பக்கத்திலேயே இருப்பதால் நியாயமான சந்தேகம்தான்.

## வீடியோ, மேக்கின்டாஷ் வளைவோடு

வீடியோ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் இரண்டு சாதி இருக்கிறது, தப்பாக வாங்குகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஒன்று பழைய மேக்கின்டாஷ் வளைவிலேயே நுனிக்கருகில் கேமரா வைத்தது. இன்னொன்று கொக்கி மாதிரி ரொம்ப வளைந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் வகையில் உங்கள் பழைய கை அப்படியே வேலை செய்யும். நுழைப்பது, தூக்குவது எல்லாம் அதே. திரையில் பார்க்கலாம், திரை போனால் வாய்க்குள் நேராகவும் பார்க்கலாம். பூஜியும் சாதாரணமாகப் போகும். இன்னொன்று, தொண்டையை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும் சிஸ்டருக்கும் திரை தெரியும், "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்மா" என்று கத்த வேண்டாம், அவரே பார்த்துத் திருத்திவிடுவார். தனியாக வேலை செய்கிறவருக்கு இது பாதி ஆள் பலம்.

எண்களும் இதன் பக்கம்தான். 2023-ல் அமெரிக்க அவசரப் பிரிவுகளிலும் ஐசியுக்களிலும் 1,417 பேரிடம் செய்த ஆய்வில் முதல் முயற்சி வெற்றி வீடியோவில் 85.1 சதவீதம், நேரடிப் பார்வையில் 70.8. டியூப் போட்டவர்களில் பெரும்பாலோர் பயிற்சியில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள், இருபது வருடம் போட்ட கைக்கு இடைவெளி இவ்வளவு இருக்காது. 2022-ல் காக்ரேன் குழு 222 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் எந்த வடிவ வீடியோவானாலும் தோல்விகள் குறைவதுதான் தெரிந்தது. ஆகவே "வீடியோ சோம்பேறிகளுக்கு" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் சீனியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு ராத்திரி. விசைப்படகில் விஞ்சுக் கயிறு அறுந்து தாடையில் அடித்து வந்தவர், கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்து, வாய் முழுக்க ரத்தம், உடம்பு முழுக்க டீசல் வாசனை. உட்கார்ந்தபடியேதான் மூச்சு விட முடிந்தது, கடைசி நிமிடம்வரை உட்கார வைத்தே ஆக்சிஜன் கொடுத்தேன். சக்‌ஷனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பிளேடை உள்ளே விட்டால், மூன்று நொடியில் திரை முழுச் சிவப்பு. வெளியே எடுத்துத் துடைக்க நேரம் இல்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுத்து வாய்க்குள் பார்த்தேன், பிளேடின் வெளிச்சம் இருந்தது, சக்‌ஷன் நுனி ரத்தத்தை உறிஞ்சிய இடத்தில் மூடியின் விளிம்பு ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்தது. "அக்கா, பூஜி" என்றேன், சிஸ்டர் கையில் வைத்தார், டிக் டிக். கொக்கி வளைவு கையில் இருந்திருந்தால் திரை போனதோடு பார்வையும் போயிருக்கும்.

செலவு: பெயர் தெரியாத கம்பெனியுடையது பத்தாயிரங்களிலேயே கிடைக்கிறது, பெயருள்ளவை லட்சங்களில் போகும். அதோடு முடிவதில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளேடு என்றால் ஒவ்வொரு கேஸுக்கும் அதன் காசு, அதை யார் கொடுப்பது என்று நர்சிங் ஹோமோடு முதலிலேயே பேசுங்கள். திரும்பப் பயன்படுத்துவது என்றால் கழுவும் செலவு: சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கிருமிநாசினியில் ஊற வைப்பது, குளூட்டரால்டிஹைடு 2 சதவீதம் என்றால் இருபது நிமிடம், ஓ.பி.ஏ. என்றால் பன்னிரண்டு நிமிடம். அடுத்த கேஸ் அடுத்த தெருவில் அரை மணியில் இருந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு பிளேடாவது வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த வாய்க்குள் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது கழுவுதல் இல்லை.

## வீடியோ, கொக்கி வளைவோடு

2001-ல் கனடாவின் ஜான் பேசி கொண்டுவந்த கிளைட்ஸ்கோப் வழியில் வந்தது. கழுத்தை அசைக்காமல், நாக்கை அதிகம் தூக்காமல், மூலை திரும்பிப் பார்க்கிற மாதிரி குரல்நாணைக் காட்டும். கழுத்தெலும்பு அடிபட்டவர், குரல்வளை ரொம்ப முன்னால் இருப்பவர், இவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை. கிளீவ்லேண்ட் கிளினிக்கில் செய்து 2024-ல் வெளியான பெரிய ஆய்வில் ஒன்றுக்கு மேல் முயற்சி தேவைப்பட்டது இதில் 1.7 சதவீதம், நேரடிப் பார்வையில் 7.6.

அப்படியென்றால் இதையே வாங்கிவிடலாமே? அங்கேதான் பொறி. படம் அட்டகாசமாகத் தெரியும், டியூப் போகாது. மூலை திரும்பிப் பார்ப்பதால் டியூபும் மூலை திரும்ப வேண்டும். அதே வளைவுள்ள கெட்டி ஸ்டைலெட் இல்லாமல் தொடவே கூடாது, சாதாரண பூஜி இங்கே பாதி நேரம் கை விட்டுவிடும். படம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கிட்டே கொண்டுபோகிறோம் பாருங்கள், அது தப்பு. கொஞ்சம் பின்வாங்கி, குரல்நாண் திரையின் மேல்பாதியில் இருக்கும்படி பாதிப் பார்வையோடு திருப்திப்பட்டால் டியூபுக்கு இடம் கிடைக்கும். நுனி உள்ளே போனதும் ஸ்டைலெட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்துவிட்டு டியூபைத் தள்ள வேண்டும், இல்லையென்றால் மூச்சுக்குழாயின் முன்சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு ஆபத்தை விற்கிறவர் சொல்ல மாட்டார். எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கையில், டியூபின் கூர்நுனி திரைக்கு வராத இடத்தில், அண்ணத்திலோ டான்சில் பக்கத்திலோ குத்திக்கொண்டு போய்விடும். பிளேடை விடும்போது வாயைப் பார், பிறகு திரையைப் பார், டியூபை விடும்போது மறுபடி வாயைப் பார், அப்புறம்தான் திரை. இந்த வரிசையைத் தினமும் செய்கிற தியேட்டரில்தான் இந்தக் கருவி சோபிக்கும். மாதம் ஒரு தடவை எடுக்கிறவருக்கு இல்லை.

டியூபுக்கென்று ஓடை வைத்த வகையும் உண்டு. ஸ்டைலெட் வேண்டாம் என்பது வசதி, தடிமன் அதிகம் என்பதால் மாவா வாய்க்குள் நுழையாது என்பது என் குறை. அவ்வளவுதான்.

## விழித்திருக்கும்போதே ஃபைபர்

வாய் ஒரு விரல்தான் திறக்கிறது, தொண்டையில் கட்டி, கழுத்தில் தீக்காயத் தழும்பு: இங்கே மேலே சொன்ன எதுவுமே சரியான பதில் இல்லை. தூங்க வைக்காமல், மூக்கும் தொண்டையும் லிக்னோகெயினால் மரத்துப்போகச் செய்து, வளையும் ஃபைபர் ஸ்கோப்பின்மேல் டியூபை ஏற்றி மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ விடுவது. நோயாளி தானே மூச்சு விட்டுக்கொண்டிருப்பதுதான் இதன் பலம், அவசரம் கிடையாது, சரிவரவில்லை என்றால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பார்க்கலாம். லிக்னோகெயின் மொத்தம் மெலிந்த உடல் எடையின் கிலோவுக்கு 9 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஸ்பிரே, ஜெல்லி, ஊசி எல்லாம் சேர்த்து.

ஸ்கோப் விலை, ஒரு தடவை யாராவது கடித்தால் ஆகும் ரிப்பேர், கழுவி உலர்த்தித் தொங்கவிட அலமாரி, தொடர்ந்து செய்து பழகிய கை, இத்தனையும் நாற்பது படுக்கை நர்சிங் ஹோமில் எதிர்பார்க்க முடியாது. அதனால் என் ஆலோசனை, அனுப்பிவிடுங்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் கௌரவம் பார்க்க என்ன இருக்கிறது?

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் குடலிறக்கத்துக்கு வந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். "அவ்ளோதான் டாக்டரு" என்றார், என் இரண்டு விரல் பக்கவாட்டில்கூட சரியாக நுழையவில்லை, கன்னத்தின் உள்ளே வெளுத்த பட்டைகள். முதுகில் ஊசி போட்டு முடித்தோம், பேசிக்கொண்டே இருந்தார். டியூபே போடாமல் தப்பிக்க வழி இருந்தால் அதுவும் ஒரு தேர்வுதான், இந்தக் கட்டுரையின் ஒப்பீட்டில் அதற்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும். ஆனால் முதுகு ஊசி பாதியில் தேய்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதை ஊசி போடுவதற்கு முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும், அவருக்கு நான் யோசித்த பதில்: அறுவையை அந்த இடத்திலேயே நிறுத்துவது, தூங்க வைப்பது இல்லை.

## ஒரே பார்வையில்

| கருவி | கைகொடுக்கும் இடம் | காலை வாரும் இடம் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|
| ஸ்டீல் மேக்கின்டாஷ் | சாதாரணக் கழுத்து, ரத்தம், வாந்தி | முன்தள்ளிய குரல்வளை, அசையாத கழுத்து | கற்கும் வருடங்கள், பல்பு, செல் |
| பூஜி | மூடியின் விளிம்பு மட்டும் தெரியும்போது | மூடியே தெரியாதபோது, பழகாத கையில் | அடிக்கடி எடுத்துப் பழகுவது |
| வீடியோ, மேக்கின்டாஷ் வளைவு | கிட்டத்தட்ட எல்லா இடமும் | மிகக் குறைந்த வாய்த் திறப்பு | கூடுதல் பிளேடு, ஊற வைக்கும் நேரம், பாட்டரி |
| வீடியோ, கொக்கி வளைவு | அசைக்கக் கூடாத கழுத்து, முன்தள்ளிய குரல்வளை | ரத்தம் நிறைந்த வாய் | கெட்டி ஸ்டைலெட், தனிப் பழக்கம் |
| விழித்த நிலை ஃபைபர் | வாய் திறக்காதது, தொண்டைக் கட்டி | அவசரம், ரத்தம், ஒத்துழைக்காதவர் | பராமரிப்பு, ரிப்பேர், பழகிய கை |

## இதையெல்லாம் விட முன்னால் வாங்க வேண்டியது

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கேப்னோ இல்லாத தியேட்டரில் வீடியோ வாங்குவது பிரேக் இல்லாத வண்டிக்கு நல்ல ஹெட்லைட் போடுவது மாதிரி. மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் கோடாகக் காட்டும் இயந்திரம் அது. டியூப் எங்கே இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

பல வருடம் முன்னால், பெயர் வேண்டாம், ஓர் இடத்தில் பித்தப்பைக் கேஸ். பருமனான அம்மா. டியூப் போட்டேன், நெஞ்சு எழும்பியது, ஸ்டெத்தில் இரண்டு பக்கமும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, டியூபில் பனி படிந்தது. சாச்சுரேஷன் 99. முன்னால் ஏற்றிய ஆக்சிஜன் இருக்கும்வரை அது 99-லேயே நிற்கும் என்பது பாடத்தில் படித்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் அது ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு 96. பீப் சத்தம் ஒரு சுருதி இறங்கியது. 91. சர்ஜன் கத்தியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டியூபை உருவி, மாஸ்க் போட்டு ஆம்பு பையைக் கையால் அழுத்தி ஊதினேன், ஏறியது, இரண்டாவது தடவை பூஜியோடு போட்டேன். அந்த அம்மா நாலாம் நாள் வீட்டுக்குப் போனார். வயிற்றுக்குள் காற்று போனாலும் நெஞ்சு எழும்பும், டியூபில் பனியும் படியும். அந்தத் தியேட்டரில் கேப்னோ கிடையாது, இருந்திருந்தால் முதல் ஆறேழு மூச்சுக்குள் கோடு தட்டையாகக் கிடந்து காட்டிக் கொடுத்திருக்கும். 2022-ல் வந்த சர்வதேச வழிமுறையும் இதைத்தான் கேட்கிறது: குறைந்தது ஏழு மூச்சுக்குத் தொடர்ந்து கோடு எழும்ப வேண்டும், எழும்பாவிட்டால் டியூப் வேறெங்கோ இருக்கிறது என்றே வைத்துக்கொள். பிரிட்டனில் 2011-ல் வெளியான பெரிய தணிக்கையில் ஐசியுவில் சுவாசவழிச் சிக்கலால் நேர்ந்த சாவுகளில் பெரும்பகுதிக்குக் கேப்னோ இல்லாததோ, இருந்தும் அதைச் சரியாகப் படிக்காததோ ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று கண்டார்கள்.

"இத்தனை வருஷம் ஓடிச்சே" என்ற உரிமையாளருக்கு என் பதில் இதுதான். வீடியோவை நாங்கள் கொண்டுவருகிறோம் ஐயா, கேப்னோவை நீங்கள் சுவரில் மாட்டுங்கள்.

இன்னொன்று, டியூபே போகாத நாளுக்கு: மூன்றாம், நாலாம் எண் ஐஜெல் (தொண்டைக்குள் வைத்து மூச்சு கொடுக்கும் மாஸ்க்) இரண்டும், பத்தாம் நம்பர் கத்தியும் ஆறாம் நம்பர் டியூபும் ஒரே கவரில். பூஜி ஏற்கெனவே பைப்பில் இருக்கிறது. கழுத்தில் கீறி மூச்சுக்குழாயைத் திறக்கும் நிலை என் வேலையில் இதுவரை வரவில்லை, ஆனால் கவர் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பியதும் இல்லை.

## சரி, யார் எதை வாங்குவது

தம்பி மாதிரி இடம் மாறி இடம் மாறித் தனியாக வேலை செய்கிறவர்: சொந்த ஸ்டீல் ஹேண்டில், மூன்றும் நாலும் பிளேடு, பூஜி, பிறகு மேக்கின்டாஷ் வளைவு வீடியோ. கொக்கி வளைவு அந்தத் திரையிலேயே மாட்டும்படி கிடைத்தால், ஸ்டைலெட்டோடு சேர்த்து, அடுத்த வருடம். ஆறு மயக்க டாக்டர்கள் வேலை செய்யும் பெரிய இடம் என்றால் இரண்டு வளைவும் வேண்டும், எல்லோரும் இரண்டிலும் பழக வேண்டும். பிரசவம் அதிகம் பார்க்கும் இடத்தில் வீடியோ முதல் நாளிலிருந்தே, ஏனென்றால் சிசேரியனுக்கு முதுகு ஊசிதான் வழக்கம், முழு மயக்கம் வரும் நாள் எப்போதும் அவசர நாளாகத்தான் வரும்.

சர்ஜிக்கல் கடைகள் இருக்கும் நைனியப்ப நாயக்கன் தெருவில் கேட்டுப் பாருங்கள், ஆனால் பெட்டியோடு வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் படம் மங்குகிறதா என்று பாருங்கள். கேமராமேல் வாயால் ஊதுங்கள், பனி எவ்வளவு நேரம் நிற்கிறது? பாட்டரி தனியாக மாற்றக்கூடியதா, பிளேடு இரண்டு வருடம் கழித்தும் கிடைக்குமா, எதுவரை தண்ணீரில் முக்கலாம் என்று எழுதித் தருவார்களா? திரையை வெளியே வெயிலில் கொண்டுவந்து பாருங்கள், தியேட்டர் விளக்கு அதற்குச் சளைத்தது இல்லை.

தம்பி போன வாரம் மேக்கின்டாஷ் வளைவே வாங்கிவிட்டான். பிவிசி பைப்பும் வெட்டி வைத்திருக்கிறான், போட்டோ அனுப்பினான், என்னுடையதைவிட நீளம். முதல் கேஸில் பையிலிருந்து வீடியோவை எடுத்து ஆன் செய்தால் திரையில் பாட்டரி சின்னம் சிவப்பில் ஒரு தடவை கண்ணடித்துவிட்டு அணைந்துவிட்டதாம், சார்ஜ் போட மறந்திருக்கிறான். ஸ்டீலில்தான் போட்டான்.